பாவசங்கீர்த்தனமும் பறித்த பொருளும்

ஒருவன் குற்றம் இழைக்கிறான். இன்னொருவன் அதனால் நலிவுறுகிறான். குற்றம் இழைத்தவன் பின்னொரு நாள் மனம் வருந்துகிறான். இறைவன் திருமுன் மண்டியிட்டுக் கண்ணீர் சொரிகிறான். மன்னிக்கப்பட்டேன் என்னும் அமைதியோடு எழுந்து வீடு செல்கிறான். நலிவுற்றவனோ முன்பிருந்த இடத்திலேயே முன்பிருந்த நிலையிலேயே கிடக்கிறான். அவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. அவனிடமிருந்து பறிக்கப்பட்டது எதுவும் அவனிடம் திரும்பி வரவில்லை. இங்கு நிகழ்ந்ததனை மன்னிப்பு என்று அழைத்தல் தகுமா?

இவ்வினாவைக் கிறித்தவ சமயத்தை முன்வைத்து நாம் ஆராயப் புகுவதற்குக் காரணம் உண்டு. பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு என்னும் மூன்றையும் தன் கொள்கையின் நடுவிடத்தில் வைத்துப் போற்றும் சமயங்களுள் அது தலையாயது. மனிதன் தன் முயற்சியால் மட்டும் தன்னை ஈடேற்றிக்கொள்ள இயலாதவன். கிறித்துவின் சிலுவை மரணத்தினால் அவனுக்கு மீட்பு கிடைக்கிறது. மனந்திரும்பி வருவோனை இறைவன் புறந்தள்ளுவதில்லை என்பன அச்சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகள். சமயத்தைச் சாடுதலே முற்போக்கு என்று எண்ணுவோர் இவற்றை ஏழைகளை ஏய்க்கும் கதைகள் என ஒதுக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. ஒரு மனிதன் தான் செய்த மிக இழிந்த செயலோடு என்றென்றைக்கும் பிணைக்கப்பட்டவன் அல்லன், அவன் மாறலாம் என்னும் எண்ணம் மனித வரலாற்றிலே தோன்றிய பெரும் எண்ணங்களுள் ஒன்று. மனிதன் மாற மாட்டான் எனக் கொள்வோர்க்குச் சமுதாய மாற்றத்தைப் பற்றிப் பேசும் உரிமைதான் ஏது?

நமது வினா வேறு. மனந்திரும்புவோனுக்கும் இறைவனுக்கும் இடையே நிகழும் இந்நாடகத்தில், நலிவுற்ற மூன்றாமவனுக்கு இடம் எங்கே என்பதே அது.

சொற்களிலிருந்து தொடங்குவோம். மீட்பு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அடைவு வைத்த நகையை மீட்கிறோம். ஈடு வைத்த காணியை மீட்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் இக்கருத்துக்கு வழங்கும் சொல் அடிமையையும் சிறைப்பட்டவனையும் விலை கொடுத்து விடுவித்தலைக் குறிக்கும் சொல்லோடு வேர்த்தொடர்புடையது. மத்தேயு எழுதிய நற்செய்தியில், இயேசு கற்பித்த செபத்திலே மன்னிக்க வேண்டப்படுவனவும் ‘கடன்’கள்தாம். புரொட்டஸ்தாந்தர் தமிழ் வேதாகமம் அச்சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறது. பாவத்தைக் கடன் எனக் கண்ட சமயத்திடம், அக்கடன் யாருக்குக் கொடுபடவேண்டியது என்று கேட்பது குதர்க்கமாகாது.

பழைய ஏற்பாட்டிலே தாவீது மன்னனின் கதை உண்டு. தனக்காகப் போர்க்களத்தில் நின்ற உரியா என்னும் வீரனின் மனைவியை அவன் கவர்ந்தான். பழி வெளிப்படாதிருக்கும் பொருட்டு உரியாவைப் போர் உக்கிரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திக் கொல்வித்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி மன்னனிடம் வந்து, ஏழையொருவன் பிள்ளைபோல் வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்துத் தன் விருந்தினனுக்குச் சமைத்த கதையைச் சொன்னார். தாவீது கொதித்தெழுந்தான். அவன் சாகத்தக்கவன் என்றும், அந்தக் குட்டிக்கு ஈடாக நான்கு மடங்கு திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தான். அச்செல்வன் மன்னனேதான் என்று நாத்தான் உரைத்தபோது தாவீது உடைந்து அழுதான்.

அந்த அழுகையிலிருந்து பிறந்ததாக மரபு கூறுவது ஐம்பத்தோராவது சங்கீதம். மனந்திரும்புதலைப் பாடிய பாடல்களுள் அதற்கு இணையானவை மிகச் சில. ஆயின் அப்பாடலிலே தாவீது, தான் இறைவன் ஒருவனுக்கு விரோதமாகவே பாவம் செய்ததாகக் கூறுகிறான். உரியா எங்கே? அவனது பெயர் பாடலின் எந்த அடியிலும் இல்லை. எல்லாப் பாவமும் ஈற்றில் இறைவனுக்கு எதிரானதே என உரையாசிரியர்கள் விளக்குவர். அவ்விளக்கத்தின் ஆழத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால், கொலையுண்டவனைக் குறிப்பிடாமலே கொலையாளி முழுமையாக மனம் வருந்த முடியும் என்னும் வழியொன்று இங்கே திறந்துவிட்டது. பிற்காலத்து மன்னர்கள் பலர் அவ்வழியே சென்றனர். நாத்தானின் கதையிலிருந்த நான்கு மடங்கு என்னும் கணக்கைப் பாடல் மறந்துவிட்டது.

அக்கணக்கு மறுபடியும் தலைகாட்டுவது லூக்கா நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரத்தில். எரிக்கோ நகரத்து ஆயக்காரர் தலைவன் சக்கேயு குள்ளமான மனிதன். கூட்டத்தின் மேலாக இயேசுவைக் காணும் பொருட்டு மரத்தில் ஏறியவன். உரோமப் பேரரசுக்காக வரி தண்டி அதிலே தன் பங்கையும் சுரண்டிச் செல்வனானவன். இயேசு தாமே அவனை அழைத்து அவன் வீட்டுக்குச் செல்கிறார். அப்போது அவன் எழுந்து நின்று, தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் கூறுகிறான். அந்த வீட்டுக்கு அன்று மீட்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது அதன் பின்னரே. சக்கேயு அழுததாகக் கதையில் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மார்பில் அறைந்துகொண்டதாகவும் இல்லை. அவன் கணக்குப் பார்த்தான். ஆயக்காரனுக்கு நன்றாகத் தெரிந்த தொழில் அதுதானே!

கிறித்தவத் திருச்சபையின் பேரறிஞர்கள் இதனை அறியாதவரல்லர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீனார், மக்கெதோனியுஸ் என்னும் அரச அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்றிலே, திருப்பிக் கொடுக்க இயலுமாயிருந்தும் பறித்த பொருளைத் திருப்பாதவன் தவம் செய்யவில்லை, தவம் செய்வதாக நடிக்கிறான் என்ற கருத்தைத் தெளிவாக வைத்தார். அது பின்னர்த் திருச்சபைச் சட்டத்தின் மூதுரைகளுள் ஒன்றாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாசும் பறித்ததைத் திருப்புதல் ஈடேற்றத்துக்கு இன்றியமையாதது என நிறுவினார். யூத மரபும் இதையே சொல்லும். மனிதனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட பாவங்களைப் பாவநிவாரண நாள் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டவற்றை, நலிவுற்றவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்நாளும் போக்காது என்பது மிஷ்னாவின் விதி.

கொள்கையளவில் யாவும் செவ்வையாகவே இருந்தன. கொள்கை அதிகாரத்தைச் சந்திக்கும்போது நேர்வதுதான் நமது கவலை. 1517 ஆம் ஆண்டு லூதர் தொண்ணூற்றைந்து கூற்றுக்களை வெளியிட்டுக் கண்டித்த பாவமன்னிப்புச் சீட்டு வணிகம் யாவரும் அறிந்த கதை. அதனை விரிக்க வேண்டியதில்லை. மைன்சு நகரத்துப் பேராயர் தம் பதவிக்காகப் பட்ட கடனை அடைக்கவும், உரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்தை எழுப்பவும் அப்பணம் சென்றது. இரு நாணயங்களை மட்டும் ஒப்பிட்டு மேலே செல்வோம். சக்கேயுவின் நாணயம் அவன் யாரை ஏமாற்றினானோ அவனிடமே சென்றது. சீட்டு வாங்கியவனின் நாணயம் அவனால் எவ்வகையிலும் நலிவுறாத ஒருவரிடம் சென்றது. இரண்டுமே பணந்தான், திசைதான் வேறு.

பெரியபுராணத்திலே மனுநீதி கண்ட சோழனின் கதையைப் படித்த தமிழர்க்கு இது புதிராகத் தோன்றாது. தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று இறந்தபோது, பசுக்கொலைக்கு நூல்கள் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்துவிடலாம் என்றே அமைச்சர்கள் ஆலோசனை கூறுகின்றனர். கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்பது சோழன் கேட்கும் கேள்வி. (தன் மைந்தனைத் தேர்க்காலில் இட்டதும் பசுவுக்கு மருந்தாகாது என்பது வேறு விடயம். சிவபெருமான் தோன்றிக் கன்றை எழுப்பித் தந்திராவிட்டால் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி.)

லூதர் ஜேர்மனியில் இக்கலகத்தைத் தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் இதனினும் கூர்மையான கலகமொன்று தொடங்கிவிட்டது. நம் வினா முழு உருவம் பெறுவது அங்கேதான்.

கொலம்பசு கண்டடைந்த இஸ்பானியோலாத் தீவிலே பூர்வ குடிகளை ஸ்பானியரிடம் பங்கிட்டு ஒப்படைக்கும் முறை நிலவியது. என்கொமியெந்தா என்பது அதன் பெயர். ஒப்படைக்கப்பட்ட மக்கள் தங்கச் சுரங்கத்திலும் வயலிலும் உழைக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக எசமானன் அவர்களைக் காத்துக் கிறித்தவ நெறியைப் போதிக்க வேண்டும் என்பது ஏட்டுச் சட்டம். நடைமுறையில் உழைப்பு இருந்தது, சாவு இருந்தது. காப்பும் போதனையும் பெயரளவில் நின்றன. 1511 டிசெம்பர் மாதத்து ஞாயிறொன்றில் சாந்தோ தொமிங்கோ ஆலயத்திலே அந்தோனியோ மொந்தேசினோஸ் என்னும் தொமினிக்க சபைத் துறவி பிரசங்க மேடையில் ஏறினார். கொலம்பசின் மைந்தனான ஆளுநரும் அதிகாரிகளும் எதிரே இருந்தனர். இம்மக்களும் மனிதரல்லரோ, பகுத்தறியும் ஆன்மா இவர்க்கு இல்லையோ என்னும் பொருளில் அவர் தொடுத்த வினாக்கள் சபையை உலுக்கின. பிரசங்கத்தை மீளப்பெறும்படி பெரியோர் மடத்துக்குச் சென்று முறையிட்டனர். அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் ஏறினார், மீளப்பெறவில்லை. இனி இவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போவதில்லை, வழிப்பறிக்காரருக்குக் கேட்காதது போலவே இவர்களுக்கும் என்று அறிவித்தார்.

இந்த அறிவிப்பின் கனத்தை இன்று நாம் எளிதில் உணர மாட்டோம். அக்காலத்து ஸ்பானியன் ஒருவனுக்கு, பாவசங்கீர்த்தனமின்றிச் சாவது முடிவில்லாத நரகத்துக்குச் செல்வதாகும். வாளும் குதிரையும் நாய்களும் அவனிடம் இருந்தன. குருவானவரிடமோ ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல மறுக்கும் வலிமை இருந்தது.

அவ்வாறு மறுக்கப்பட்டவர்களுள் ஒருவர் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். 1502 ஆம் ஆண்டு தீவுக்கு வந்தவர், பின்னர்க் குருவானார், குருவான பின்பும் பூர்வ குடிகளைத் தம் ஒப்படைப்பிலே வைத்து ஆதாயம் கண்டவர். தொமினிக்கத் துறவியொருவர் தமக்குப் பாவப்பொறுத்தல் அளிக்க மறுத்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார். அன்று அவர் அசையவில்லை. கியூபாவைக் கைப்பற்றும் படையோடு சென்றார். காவோனாவோ என்னும் ஊரிலே மக்கள் காரணமின்றி வெட்டி வீழ்த்தப்பட்டதைக் கண்ணாற் கண்டார். அதன் பின்பும் அத்தீவிலே நிலமும் ஆட்களும் பெற்றார். 1514 இல் பெந்தெகொஸ்தே விழாவுக்குரிய பிரசங்கத்தை ஆயத்தம் செய்கையில், சீராக் ஆகமத்தின் முப்பத்துநான்காம் அதிகாரம் அவரைத் தடுத்து நிறுத்தியது. அநியாயமாக ஈட்டிய பொருளிலிருந்து இடும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை, ஏழையின் அப்பத்தைப் பறிப்பவன் கொலைகாரன் என்பது அப்பகுதியின் கருத்து. காணிக்கை இடுபவனின் கையை அது பார்க்கவில்லை. காணிக்கைப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 15 ஆம் தேதி, தம் ஒப்படைப்பைத் துறந்ததாக அவர் பிரசங்க மேடையிலேயே அறிவித்தார்.

அதன் பின்னர் அரை நூற்றாண்டு அவர் நடத்திய போராட்டம் முழுவதையும் இங்கு கூறப் புகவில்லை. 1542 இன் புதிய சட்டங்களும், வல்லதோலித் நகரில் 1550-51 இல் செபூல்வேதாவுடன் நிகழ்ந்த விவாதமும் வரலாற்று மாணவர்கள் அறிந்தவை. நமக்கு வேண்டியது அவர் எழுதிய சிறிய கைந்நூல் ஒன்று. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கு வகுத்த பன்னிரண்டு விதிகள்.

சியாப்பா மறைமாவட்டத்தின் ஆயராக 1545 இல் லாஸ் காசாஸ் வந்து சேர்ந்தார். அவ்வாண்டுத் தவக்காலத்திலே, பூர்வ குடிகளை அடிமைகளாக வைத்திருப்போர்க்குப் பாவப்பொறுத்தல் அளிக்கும் அதிகாரத்தைக் குருமாரிடமிருந்து மீட்டுத் தம்மிடமே வைத்துக்கொண்டார். நகரத்துச் செல்வர்கள் கொதித்தனர். ஆலயத்தின் முதன்மைக் குருவே ஆயரின் ஆணையை மீறிச் சிலருக்குப் பொறுத்தல் அளித்தார். அவரைப் பிடித்துவர ஆயர் முயன்றபோது நகரில் கலகம் மூண்டது. மறு ஆண்டே லாஸ் காசாஸ் அந்நகரை விட்டு நீங்கினார். அக்காலத்திலே கையெழுத்துப் படிகளாகப் பரவிய விதிகள் 1552 இல் செவில் நகரில் அச்சாயின.

விதிகள் சொல்வது யாது? புதிய உலகத்தைக் கைப்பற்றும் போரில் ஈடுபட்ட ஒருவன் மரணப் படுக்கையில் குருவை அழைக்கிறான் எனக் கொள்வோம். குருவானவர் அவனது பாவங்களைக் கேட்பதற்கு முன்னரே ஒரு நொத்தாரிசு வரவழைக்கப்படல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் அவன் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலே, தான் தாய்நாட்டிலிருந்து எதனையும் கொண்டுவரவில்லை என்பதையும், இருப்பன யாவும் அம்மக்களிடமிருந்து வந்தவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் உடைமை முழுவதையும் உரியவர்க்குத் திருப்பும் அதிகாரத்தைக் குருவிடம் அளிக்க வேண்டும். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும். விடுவித்தால் மட்டும் போதாது, அவர்கள் உழைத்த காலத்துக்கும் ஈடு செய்ய வேண்டும். பறிபட்டவர் இறந்திருப்பின் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு. அவர்களும் அற்றுப்போயிருப்பின் அந்த ஊர் மக்களின் நன்மைக்கு. பிள்ளைகளுக்கு முதுசொம் என்று விட்டுச் செல்ல அவனுக்கு உரிமையில்லை. தனதல்லாத பொருளை ஒருவன் எவ்வாறு முதுசொமாக்குவது?

நாமறிந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியின் காட்சி இங்கே தலைகீழாகிவிட்டதைக் காண்கிறோம். இருவர் மட்டும் இரகசியமாகப் பேசிய இடத்துக்குள் நொத்தாரிசு நுழைந்துவிட்டான். அவனுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத கூட்டமாக, பறிபட்ட மக்களும் வந்து நிற்கின்றனர்.

இதனினும் ஒரு படி மேலே செல்கின்றன அவ்விதிகள். படையெடுப்பில் பங்குகொண்டோர் ஒவ்வொருவரும் தாம் பறித்ததற்கு மாத்திரமல்ல, எல்லோரும் சேர்ந்து விளைவித்த கேடு முழுவதற்கும் பொறுப்பாளி. போர் நடக்கையில் ஆயுதமும் குதிரையும் கொண்டுவந்து விற்ற வணிகரும் பொறுப்பாளிகளே. ‘நான் வாள் எடுக்கவில்லை, விற்றேன்’ என்ற விடை அங்கே செல்லாது. பாவம் என்பது தனிமனிதன் தன் உள்ளத்துள் செய்யும் செயல் என்று பழகிய சமய உலகிலே, பாவம் ஓர் ஒழுங்கமைப்பாகவும் இருக்கலாம், அதற்கு வழங்குவோனும் இலாபம் காண்போனும் உண்டு என்பதனைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆயர் கண்டுகொண்டார். சமூக விஞ்ஞானம் என்னும் பெயர் பிறவாத காலம் அது.

அரசு வாளாவிருக்கவில்லை. இவ்விதிகளின்படி படையெடுப்பு முழுவதுமே அநீதி என்றாகுமானால், மன்னன் அந்நாடுகளை ஆளும் உரிமை என்னாவது? 1548 இல் கையெழுத்துப் படிகளைப் பறிமுதல் செய்யும்படி ஆணை பிறந்தது. மன்னிப்பு அழுகையோடு நின்றுவிடும்வரை அரசர்க்கு அதனால் இடையூறில்லை. அது நொத்தாரிசை அழைக்கும்போதே அரசத் துரோகமாகிறது.

விதிகள் வீண்போயினவா? முழுவதும் அல்ல. பெரு நாட்டிலே முதுமையடைந்த வெற்றிவீரர்கள் சிலர் தம் மரண சாசனங்களில், இன்ன ஊர் மக்களுக்கு இவ்வளவு திருப்பிக் கொடுக்கப்படல் வேண்டும் என எழுதிவைத்ததை வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கின்றனர். ஒரு கண்டத்தின் கொள்ளையோடு ஒப்பிட அது அற்பம். ஆயினும், நரகத்துக்கு அஞ்சியேனும் ஒருவன் பறித்ததைத் திருப்பினான் என்பது அற்பமன்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும்; அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இறைவனின் அருள் இலவசமானது, அதற்கு விலை இல்லை என்பதல்லவா கிறித்தவத்தின் உயிர்நாடி? திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்றால், ஏழைப் பாவி என் செய்வான்? கல்வாரியில் இயேசுவின் அருகே அறையுண்ட கள்வன் எதனைத் திருப்பிக் கொடுத்தான்? அவனுக்கு அன்றே விண்ணுலகம் வாக்களிக்கப்பட்டதே!

கள்வன் எதனையும் திருப்பவில்லை என்பது உண்மை. அவன் கைகள் ஆணியில் அறையப்பட்டிருந்தன. தன்னிடம் எதுவும் எஞ்சாத ஒருவனுக்கு அருளப்பட்ட மன்னிப்பைக் காட்டி, தோட்டமும் மாளிகையும் கையில் உள்ளவன் தனக்கும் அதுவே என வாதிடுவானாயின், அவன் கள்வனின் விசுவாசத்தையல்ல, கள்வனின் வறுமையையே கடன் வாங்குகிறான். மேலும், திருப்பிக் கொடுத்தல் மன்னிப்புக்கு விலையன்று. விலை என்பது விற்போனுக்குக் கொடுப்பது. பறித்த பொருள் இறைவனுக்குச் செல்வதில்லை, உரியவனிடம் மீள்கிறது. இயேசு சக்கேயுவின் வீட்டுக்கு வந்தது அவன் கணக்குப் பார்ப்பதற்கு முன்னரே. அருள் முந்தியது என்று இறையியலார் கூறுவரேல் நாமும் உடன்படுவோம். அருள் வந்த வீட்டிலே பெட்டகம் திறக்கப்பட்டது என்பதனை மட்டும் அவர்கள் மறவாதிருக்க வேண்டும். ஜேர்மனியில் நாற்சிகளை எதிர்த்து 1945 இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோபர் என்னும் லூத்தரன் போதகர், 1937 இல் வெளியிட்ட நூலொன்றிலே மலிவான அருள் என்று இதன் மறுதலையைத்தான் கண்டித்தார்.

பெட்டகம் திறக்கப்படாத மனந்திரும்புதலுக்கு ஜோன் நியூட்டன் எடுத்துக்காட்டு. உலகெங்கும் ஆலயங்களில் பாடப்படும் வியத்தகு அருளைப் பற்றிய ஆங்கிலக் கீதத்தை இயற்றியவர் இவரே. 1748 இல் கடற்புயலில் சிக்கி இறைவனை நோக்கிக் கூவியபோது தம் மனமாற்றம் தொடங்கியதாக அவர் கருதினார். அதன் பின்னர், 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் தலைவராக ஆபிரிக்கரை விலங்கிட்டு ஏற்றிச் சென்றார். மேற்தட்டிலே அவர் செபம் செய்தார். கீழ்த்தட்டிலே மனிதர்கள் அடுக்கப்பட்டுக் கிடந்தனர். அவர் போலியல்லர். அதுவே இக்கதையின் பயங்கரம். உண்மையாகவே மனம் வருந்திய ஒருவரின் கண்ணுக்கும் அம்மனிதர்கள் தென்படவில்லை. அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதியது 1788 இல். நாற்பது ஆண்டுகள் பிந்தியேனும் அவர் எழுதினார். பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியபோது 20 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தோர்க்கு. பார்படோசுத் தீவிலே கொட்றிங்டன் கரும்புத் தோட்டத்தை நடத்திய ஆங்கிலிக்கன் வேதபோதக சங்கமும் பெற்றோர் வரிசையில் நின்றது. அப்பணத்துக்காகப் பட்ட கடன் முழுவதும் அடைந்தது 2015 இலேதான். விடுதலை பெற்றவரின் வழித்தோன்றல்கள் இங்கிலாந்தில் செலுத்திய வரியும் அதிலே சேர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபை 2006 இல் மன்னிப்புக் கோரியது. 2023 இல் 100 மில்லியன் பவுண் நிதியொன்றை அமைக்கப்போவதாக அதன் சொத்து நிர்வாகிகள் அறிவித்தனர். தொகை போதுமா என்பது ஒருபுறமிருக்க, கோரிக்கைக்கும் பெட்டகத்துக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கிடக்கின்றன.

நலிவுற்றோரை நோக்கி, மன்னித்துவிடுங்கள் என உபதேசிப்போரும் உளர். எழுபது தரம் ஏழு முறை மன்னிக்க வேண்டுமென்பது மத்தேயு காட்டும் போதனை. லூக்கா அதே போதனையைத் தரும்போது, பிழை செய்தவன் மனம் வருந்தினால் என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார். மேடைகளில் முன்னது ஒலிக்கும் அளவுக்குப் பின்னது ஒலிப்பதில்லை. தென்னாபிரிக்காவில் 1996 இல் பேராயர் டூட்டுவின் தலைமையில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு விசாரணைகளைத் தொடங்கியது. உண்மையை முழுமையாகக் கூறினால் குற்றவாளிக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கலாம். அவன் மனம் வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 1977 இல் காவலில் உயிரிழந்த ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தார், தம் சார்பில் அரசு மன்னிக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சென்று தோற்றனர். பெரும் வெறிச்செயல்களைத் தடுத்த ஏற்பாடு அது என்பதை நாம் ஏற்கிறோம். ஆயினும் 2003 இல் அந்நாட்டு அரசு பாதிக்கப்பட்டோர்க்கு அறிவித்தது, ஆளுக்கு ஒருமுறை மாத்திரம் 30,000 ராண்ட். மன்னிப்பில் தாராளமும் ஈட்டில் சிக்கனமும் ஒருங்கே வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பீக்கோவின் குடும்பத்தார் கேட்டது பழிவாங்கலை அல்ல. தமக்கு உரியதை, அதாவது மன்னிக்கவோ மறுக்கவோ உள்ள உரிமையை, பிறர் எடுத்து வழங்கக்கூடாது என்றே அவர்கள் கேட்டனர்.

இறந்தவர்களின் சார்பில் மன்னிப்போர் எவருமிலர். உரியாவின் சார்பில் எவரும் மன்னிக்கவில்லை. காவோனாவோவில் வெட்டுண்டவர்கள் சார்பிலும் அவ்வாறே. லாஸ் காசாசின் விதிகள் இதை உணர்ந்திருந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது. இறந்தோரின் ஊருக்குக் கொடு என்று அவை பணித்தன. இறந்தோர் உன்னை மன்னித்துவிட்டனர் என்று அவை எங்கும் கூறவில்லை.

லாஸ் காசாஸ் மீதும் ஒரு கறை உண்டு. பூர்வ குடிகளைக் காக்கும் ஆர்வத்தில், அவர்களுக்குப் பதிலாக அடிமைகளைத் தருவிக்கலாம் என 1516 இல் அவர் யோசனை கூறினார். பின்பு ஆபிரிக்க அடிமைகளை இறக்குமதி செய்யவும் பரிந்துரைத்தார். நியூட்டனின் கப்பல்கள் ஓடிய கடல்வழியைத் திறந்தவர் அவரல்லர். அது முன்னரே திறந்திருந்தது. ஆயினும் அவர் குரலும் அதிலே கலந்தது. போர்த்துக்கேயர் ஆபிரிக்கரை எவ்வாறு பிடித்தனர் என்பதைப் பின்னர் அறிந்தபோது, பூர்வ குடிகளுக்கு இழைத்த அதே அநீதிதான் இதுவும் என்று தெளிந்தார். இந்தியத் தீவுகளின் வரலாறு பற்றிய தமது பெருநூலில் அதனை மறைக்காமல் எழுதினார். தம்மைப் படர்க்கையில் வைத்து, தாம் அறியாமல் செய்தது என்பதும் நல்லெண்ணத்தோடு செய்தது என்பதும் இறைவனின் தீர்ப்பின் முன் தமக்கு விலக்களிக்குமா என்பதில் அவருக்கு உறுதியில்லை என்ற கருத்தைப் பதித்துவைத்தார். மரணப் படுக்கையில் கிடந்த வீரர்களுக்கு எளிதான பொறுத்தலை மறுத்தவர் தமக்கும் அதனை வழங்கிக்கொள்ளவில்லை.

அந்நூலைத் துறவியர் கல்லூரியொன்றிடம் ஒப்படைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு அதனை வெளியிடலாகாது என்று பணித்துவிட்டு, 1566 ஆம் ஆண்டு மத்ரித் நகரில் அவர் இறந்தார். கையெழுத்துப் படியாகவே மூன்று நூற்றாண்டுகள் கிடந்த அது 1875 இல் அச்சேறியது. அந்த ஆண்டிலும் கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தனர்.